கொழும்பில் சரி, சேர்வரில் பிழை: திகதி, நேரக் கோளாறுகளை அறிகுறி பார்த்துத் தீர்த்தல்

விண்டோஸ் மடிக்கணினியில் எழுதிப் பார்த்த நிரல், சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள லினக்ஸ் சேர்வரில் ஏறியதும் வேறு திகதி காட்டுகிறதா? உடனே நிரலைத் திறக்க வேண்டாம். ஒரு கடதாசியில் வரவேண்டிய நேரத்தையும் வந்த நேரத்தையும் எழுதிக் கழித்துப் பாருங்கள். பாதி விடை அந்த வித்தியாசத்திலேயே இருக்கும். ஐந்தரை மணித்தியாலம் என்றால் ஒரு காரணம், பதினொரு மணித்தியாலம் என்றால் வேறு காரணம், அரை மணித்தியாலம் என்றால் இலங்கைக்கே உரிய இன்னொரு காரணம். நாளும் மாதமும் இடம் மாறியிருந்தால் அது நேர வலயச் சிக்கலே அல்ல.

கீழே கட்டளைகளையும் திகதி வடிவக் குறிகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். %டி என்றால் ஆங்கிலச் சின்ன எழுத்து. பெரிய எழுத்தானால் 'பெரிய' என்று சேர்த்துச் சொல்வோம். விசைப்பலகையில் அடிக்கும்போது ஆங்கிலத்தில் அடியுங்கள்.

## எதற்கும் முன் மூன்று வாசிப்புகள்

கோளாறு தெரியும் கணினியிலும் தெரியாத கணினியிலும் இம்மூன்றையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

கடிகாரம்: லினக்ஸிலும் மெக்கிலும் 'டேட் -யூ'. பவர்ஷெல்லில் '(கெட்-டேட்).டுயூனிவர்சல்டைம்()'. இரண்டும் ஒரே யூடிசி நேரத்தை, அதாவது உலகப் பொது அடிப்படை நேரத்தை, காட்டாவிட்டால் உங்கள் நிரலில் பிழை இல்லை. கடிகாரம் ஒத்திசையவில்லை. அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள்.

நேர வலயம்: லினக்ஸில் 'டைம்டேட்சிடிஎல்', விண்டோஸில் 'டிஸெட்யூட்டில் /ஜி'. மெக்கில் ஈடிசி கோப்புறையில் உள்ள 'லொகல்டைம்' எங்கே இணைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

லொகேல் (மொழிக்கும் நாட்டுக்கும் ஏற்ற வடிவ அமைப்பு): லினக்ஸிலும் மெக்கிலும் 'லொகேல்', பவர்ஷெல்லில் 'கெட்-கல்ச்சர்'.

நிரலைக் கொன்டெய்னர் என்ற தனிச் சூழலுக்குள் ஓட்டும் டொக்கர் என்றால், அந்தக் கொன்டெய்னருக்கு உள்ளே போய் வாசியுங்கள். வெளியே உள்ள கணினியின் வலயமும் லொகேலும் உள்ளே தாமாகப் போவதில்லை.

## வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம்

இலங்கை நேரம் யூடிசி சக 5:30. ஆகவே இந்த அறிகுறி வந்தால், எங்கோ யூடிசியை உள்ளூர் நேரமாகவோ உள்ளூர் நேரத்தை யூடிசியாகவோ எடுத்திருக்கிறார்கள். எந்தப் பக்கம் தவறுகிறது என்பதைக் கொண்டு இடத்தைப் பிடிக்கலாம்.

லொக் கோப்பில் நேரம் ஐந்தரை மணித்தியாலம் பின்னே நின்றால், பெரும்பாலும் கொன்டெய்னர் யூடிசியில் ஓடுகிறது. அது நல்ல நிலைதான், அப்படியே விடுங்கள். மனிதருக்குக் காட்டும் இடத்தில் மட்டும் கொழும்பு நேரமாக்குங்கள். கட்டாயம் மாற்றத்தான் வேண்டுமென்று நேர வலயத்தைச் சொல்லும் 'டிஸெட்' சூழல் மாறிக்கு 'ஏசியா/கொலம்போ' என்று கொடுத்தும் ஒன்றும் மாறவில்லையா? கொன்டெய்னருக்கு மூலமான படிமத்தில் வலயத் தரவே இல்லை. அல்பைன் போன்ற சிறிய படிமங்களில் இது வழமை. பிழைச்செய்தி எதுவும் வராது, பேசாமல் யூடிசிக்குப் போய்விடும். ஜிலிப்சி என்ற சி நூலகம் உள்ள லினக்ஸில் இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல துப்பு உண்டு: 'டேட்' கட்டளை வலயத்தின் பெயராக 'ஏசியா' என்று மட்டும் காட்டி, பெறுமதியை 0000 என்று வைத்திருக்கும். அப்படிக் கண்டால் 'டிஸெட்டேட்டா' பொதியை நிறுவுங்கள். அல்பைனில் 'ஏபிகே அட்', டெபியனில் 'ஏபிடி-கெட் இன்ஸ்டோல்'.

சேர்வரில் சரி, மடிக்கணினியில் மட்டும் ஐந்தரை மணித்தியாலம் பின்தங்கினால் பைதனின் 'யூடிசிநவ்' மீது சந்தேகப்படுங்கள். அது தருவது வலயம் ஒட்டப்படாத நேரம். அதன்மேல் 'டைம்ஸ்டாம்ப்' அழைத்தால் பைதன் அதை உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்ளும். சேர்வர் யூடிசியில் இருப்பதால் அங்கே தவறு மறைந்துவிடும், கொழும்பு மடிக்கணினியில் வெளிப்படும். பைதன் 3.12 முதல் அந்த அழைப்பைக் கைவிடும்படி எச்சரிக்கை வருகிறது. பதிலாக 'டேட்டைம்.நவ்(டைம்ஸோன்.யூடிசி)' எழுதுங்கள்.

அடுத்தது பகல் வேளைச் சோதனையில் ஒருபோதும் அகப்படாதது. நள்ளிரவு தொடங்கி அதிகாலை 5:30 வரை மட்டும் பற்றுச்சீட்டில் நேற்றைய திகதி விழுகிறது, பிறகு தானாகவே சரியாகிவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் 'டுஐஎஸ்ஓஸ்ட்ரிங்' அழைத்து முதல் பத்து எழுத்தை வெட்டி எடுப்பதுதான் காரணம். அந்த அழைப்பு எப்போதும் யூடிசி திகதியையே தரும். கொழும்பில் அதிகாலை 2 மணி என்றால் யூடிசியில் முதல் நாள் இரவு 8:30. 'இன்டில்.டேட்டைம்ஃபோர்மட்'டில் வலயத்தை 'ஏசியா/கொலம்போ' என்று வெளிப்படையாகக் கொடுத்து, 'ஃபோர்மட்டுபார்ட்ஸ்' மூலம் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனியே எடுத்து நீங்களே கோர்த்துவிடுங்கள். ஸ்வீடன் அல்லது கனடா லொகேலைக் கொடுத்து ஆண்டு-மாதம்-நாள் வடிவத்தைப் பெறும் தந்திரம் பரவலாக இருக்கிறது. லொகேல் தரவு என்றைக்கு மாறினாலும் அன்றைக்கு அது உடையும்.

அதே ஜாவாஸ்கிரிப்டில் இன்னொரு பொறி: '2025-03-04' என்று திகதியை மட்டும் கொடுத்தால் யூடிசி நள்ளிரவு. அதனோடு மணியையும் நிமிடத்தையும் சேர்த்து, வலயம் குறிப்பிடாமல் கொடுத்தால் உள்ளூர் நேரம். நாம் கிரீன்விச்சுக்குக் கிழக்கே இருப்பதால் யூடிசி நள்ளிரவு இங்கே அதே நாள் காலை 5:30. திகதி மாறாது, ஆகவே பிழை கண்ணில் படாது. நியூயோர்க்கில் உள்ள வாடிக்கையாளர் திறந்தால் 3ஆம் திகதி.

ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்போருக்கு, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போதெல்லாம் கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் தாவும். விண்டோஸ் வன்பொருள் கடிகாரத்தை உள்ளூர் நேரமாக வாசிக்கிறது, லினக்ஸ் யூடிசியாக வாசிக்கிறது. விண்டோஸ் பதிவேட்டில் நேர வலயத் தகவல் பகுதியில் 'ரியல்டைம்இஸ்யூனிவர்சல்' என்ற பெறுமதியை 1 ஆக்கினால் இரண்டும் ஒத்துப்போகும்.

## வித்தியாசம் பதினொரு மணித்தியாலம்

இதற்குக் காரணம் ஏறத்தாழ ஒன்றேதான்: சக, சய குறி தலைகீழ். 'டிஸெட்' மாறிக்கு 'யூடிசி+5:30' என்று யாரோ கொடுத்திருக்கிறார்கள். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான போசிக்ஸ் தர விதிப்படி அங்கே சகக் குறி கிரீன்விச்சுக்கு மேற்கைக் குறிக்கும். ஆகவே நேரம் யூடிசிக்கு ஐந்தரை மணித்தியாலம் பின்னே போகிறது. வரவேண்டியது முன்னே ஐந்தரை. கூட்டினால் பதினொன்று. வலயப் பெயரையே கொடுங்கள், கணக்குப் போட்டு எழுத வேண்டாம்.

ஆனால் அதே வலயப் பெயரை விண்டோஸில் 'டிஸெட்' மாறியாக வைக்காதீர்கள். விண்டோஸின் சி நூலகம் அந்த மாறியை வேறு இலக்கணத்தில் வாசிக்கிறது. 'ஏசியா/கொலம்போ' அதற்கு விளங்காது, நேரம் யூடிசியாகிவிடும். பைதனின் 'டிஸெட்செட்' அழைப்பும் விண்டோஸில் இல்லை.

## அரை மணித்தியாலம் பிசகுகிறது. அல்லது சிலருடைய பிறந்த நாள் மட்டும் ஒருநாள் முந்துகிறது

இதில் சற்று நின்று பார்க்க வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது பெரும்பாலும் இருக்காது.

இலங்கை எப்போதும் சக 5:30இல் இருக்கவில்லை. 1996 மே 25 அன்று நேரம் ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளப்பட்டு சக 6:30 ஆனது. அதே ஆண்டு ஒக்டோபர் 26இல் அரை மணித்தியாலம் குறைத்து சக 6:00. 2006 ஏப்ரல் 15 வரை அப்படியே இருந்து, பிறகுதான் மீண்டும் சக 5:30. உலக நேர வலயங்களின் வரலாற்றைத் தொகுத்து வைக்கும் ஐயானா வலயத் தரவில் 'ஏசியா/கொலம்போ' என்ற பெயருக்குள் இவ்வளவும் இருக்கிறது. 'ஏசியா/கொல்கத்தா'வில் இல்லை, ஏனென்றால் இந்தியா அந்தப் பத்தாண்டிலும் சக 5:30இலேயே நின்றது.

இன்றைய நேரத்துக்கு இரண்டும் ஒன்றுதானே என்று இந்திய வலயத்தைத் தெரிவுசெய்வது இங்கே சகஜம். விண்டோஸ் பட்டியலில் சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி என்றுள்ள வரி ஒன்று, ஸ்ரீ ஜயவர்தனபுர என்றுள்ள வரி இன்னொன்று. கொழும்பு என்ற பெயரைத் தேடிக் காணாதவர்கள் முதலாவதை அழுத்திவிடுகிறார்கள். மும்பை சேர்வரிலும் யாராவது இந்திய வலயத்தை வைத்திருக்கலாம்.

விளைவைக் கணக்காகப் பாருங்கள். 2001 ஜூன் 10 பிறந்தவரின் திகதியை, கொழும்பு வலயத்தில் நள்ளிரவு 00:00 என்று ஒரு நிரல் சேமிக்கிறது. அன்றைக்கு சக 6:00 என்பதால் யூடிசியில் ஜூன் 9, 18:00. இதை இந்திய வலயத்தில் உள்ள இன்னொரு சேர்வர் வாசித்தால் ஜூன் 9, 23:30. பிறந்த நாள் ஒருநாள் முந்திவிட்டது. 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரை பிறந்தவர்களுக்கு மட்டும் இது நடக்கும், மற்ற எல்லாருக்கும் சரியாக இருக்கும். பாடசாலை, காப்புறுதி, வங்கி மென்பொருள்களில் இன்றைக்கு இருபதுகளில் உள்ளவர்களின் பதிவுகள் மட்டும் பிசகுகின்றன என்று முறைப்பாடு வந்தால், வேறு எங்கும் தேட வேண்டாம்.

இன்னும் நுணுக்கமான ஒன்று: 1996 மே 25 அன்று கொழும்பில் நள்ளிரவு 00:00 என்ற நேரமே இல்லை. கடிகாரம் நேராக 01:00க்குப் போனது. ஜாவாவில் அந்த நாளுக்கு 'அட்ஸ்டார்ட்ஒஃப்டே' அழைத்தால் 01:00 வரும். அது பிழையல்ல. மாறாக 2006 ஏப்ரல் 15இல் 00:00 முதல் 00:30 வரை இரண்டு முறை வந்தது. பைதனில் 'ஃபோல்ட்' என்ற பண்பை 0 அல்லது 1 என்று வைத்து எந்த முறை என்று சொல்லலாம்.

தீர்வு: பிறந்த திகதி, விடுமுறை, காலாவதித் திகதி போன்றவற்றுக்கு நேரமே கிடையாது. அவற்றுக்கு வலயமும் வேண்டாம். தரவுத்தளத்தில் 'டேட்' வகையாகவே வையுங்கள், ஜாவாவில் 'லொகல்டேட்', பைதனில் 'டேட்', டொட்நெட் 6 முதல் 'டேட்ஒன்லி'. ஒரு நிகழ்ச்சி நடந்த கணத்தை மட்டும் யூடிசியில் வையுங்கள். ஏற்கெனவே பழுதான பதிவுகளைத் திருத்தும்போது எல்லாவற்றுக்கும் அரை மணித்தியாலத்தைக் கூட்டிவிடாதீர்கள். மேலே சொன்ன எல்லைகளுக்குள் விழுபவற்றை மட்டும், எந்த வலயத்தில் எழுதப்பட்டது என்று உறுதிசெய்த பிறகு மாற்றுங்கள். 1996இன் அந்த ஐந்து மாதங்களுக்கு வித்தியாசம் அரை அல்ல, ஒரு முழு மணித்தியாலம்.

விண்டோஸின் சொந்த வலயப் பதிவேட்டைப் பழைய திகதிகளுக்கு நம்ப வேண்டாம். ஐயானா தரவைப் போல் முழு வரலாறு அதில் இல்லை. பைதனின் 'ஸோன்இன்ஃபோ' விண்டோஸில் 'வலயம் காணப்படவில்லை' என்று விழுந்தால், 'பிப்' மூலம் 'டிஸெட்டேட்டா' நிறுவுங்கள். வரலாறும் அதோடு வந்துவிடும். டொட்நெட் 6க்கு முன்னர் விண்டோஸில் 'ஏசியா/கொலம்போ' விளங்காது, லினக்ஸில் 'ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்' விளங்காது. 6 முதல் இரண்டு பெயரும் இரண்டிலும் செல்லும், ஆனால் ஐசியூ என்ற மொழி, வலய நூலகம் இருக்க வேண்டும். அல்பைன் டொட்நெட் படிமங்களில் அது இயல்பாக இருப்பதில்லை. மைஎஸ்கியூஎல்லில் 'கன்வர்ட்_டிஸெட்' வெறும் 'நல்' தந்தால் வலய அட்டவணைகள் ஏற்றப்படவில்லை. '+05:30' என்று எண்ணைக் கொடுத்தால் ஓடும், ஆனால் 2006க்கு முந்திய நேரங்களில் அதே பழைய பிழை திரும்ப வரும்.

## நாளும் மாதமும் இடம் மாறுகின்றன

மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளும் தவறான திகதி சத்தமில்லாமல் உள்ளே போகும். 13ஆம் திகதி காலையில் எல்லாம் நின்றுவிடும். அமெரிக்க ஆங்கில லொகேலில் நிறுவிய விண்டோஸும் பிரித்தானிய ஆங்கிலத்தில் உள்ள விண்டோஸும் ஒரே அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கும்போது இது வரும்.

டொட்நெட்டில் 'டுஸ்ட்ரிங்' அழைப்பை வெறுமனே விடாதீர்கள். 'இன்வேரியன்ட்கல்ச்சர்' கொடுங்கள். வடிவத்தை எழுதிக் கொடுத்தாலும் தப்பிவிட முடியாது: அங்கே சாய்கோடு என்பது சாய்கோடு அல்ல, 'அந்தப் பண்பாட்டின் திகதிப் பிரிப்பான்' என்று பொருள். முக்காற்புள்ளிக்கும் அப்படியே. பவர்ஷெல்லிலும் இதே விதி. கோப்பில் எழுதுவதற்கும் இன்னொரு நிரலுக்கு அனுப்புவதற்கும் ஐஎஸ்ஓ 8601 வடிவம்: ஆண்டு நான்கு இலக்கம், மாதம் இரண்டு, நாள் இரண்டு, நடுவே சிறுகோடு.

விண்டோஸ் பட்ச் கோப்பில் %டேட்% மாறியை வெட்டி ஒட்டிக் கோப்புப் பெயர் செய்யும் பழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். அதன் வடிவம் பயனரின் பிராந்திய அமைப்பைப் பொறுத்தது. கோப்புப் பெயரில் முழு ஐஎஸ்ஓ நேரத்தையும் வைத்தால் இன்னொரு தடை: விண்டோஸ் கோப்புப் பெயரில் முக்காற்புள்ளியை ஏற்காது. '20250304டி093000இஸெட்' என்பது போல் குறி எதுவும் இல்லாத வடிவமே எங்கும் செல்லும்.

மாதத்துக்குப் பதில் நிமிடம் விழுந்திருந்தால் ஜாவா, டொட்நெட் இரண்டிலும் காரணம் ஒன்று: பெரிய எம் மாதம், சின்ன எம் நிமிடம். சி வழிவந்த %எம் முறையில் இது தலைகீழ், சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். இரண்டு மொழியிலும் மாறி மாறி எழுதுவோர் விழும் குழி இது.

## 'வடிவம் செல்லாது' என்று விண்டோஸ் மறுக்கிறது

'04' வேண்டாம், '4' போதும் என்று லினக்ஸிலும் மெக்கிலும் %-டி எழுதுவோம். அது சி தரநிலையில் இல்லாத நீட்சி. விண்டோஸில் அதற்குப் பதில் %#டி. ஒன்றின் குறி மற்றதில் எதிர்பார்த்தபடி ஓடாது, விண்டோஸ் பைதனில் %-டி கொடுத்தால் 'வேல்யூஎரர்' வரும். ஓஎஸ் (இயங்குதளம்) எதுவென்று பார்த்து இரண்டு கிளை எழுத வேண்டாம். திகதியின் 'டே' பண்பை நேரடியாக எடுத்து எழுத்துச் சரத்தில் கோருங்கள், எல்லா இடத்திலும் ஒன்றே வரும்.

இதே குடும்பத்தில் சின்ன %எஸ் விண்டோஸில் இல்லை. லினக்ஸிலும் அது நீங்கள் ஒட்டிய வலயத்தைக் கவனிக்காமல் கணினியின் வலயத்தை எடுக்கும். 'டைம்ஸ்டாம்ப்' அழைப்பையே பயன்படுத்துங்கள். பெரிய %இஸெட் லினக்ஸில் '+0530' என்று காட்டும், விண்டோஸில் 'ஸ்ரீலங்கா ஸ்டாண்டர்ட் டைம்' என்று முழுப் பெயரையும் காட்டும். வலயத்தைக் குறிக்கச் சின்ன %இஸெட் தரும் எண் போதும். பிஎச்பியில் 'ஸ்ட்ரெஃப்டைம்' 8.1 முதல் கைவிடப்பட்டது, 'இன்டில்டேட்ஃபோர்மட்டர்' பக்கம் போய்விடுங்கள்.

ஷெல் ஸ்கிரிப்டில் 'டேட்' கட்டளையே இரண்டு சாதி. லினக்ஸின் க்னூ 'டேட்' நேற்றைய திகதிக்கு '-டி யெஸ்டர்டே' ஏற்கும். மெக்கின் பிஎஸ்டி 'டேட்' '-வி-1டி' கேட்கும். '-ஆர்' இன்னும் மோசம்: க்னூவில் அதன்பின் வருவது கோப்பின் பெயர், பிஎஸ்டியில் செக்கன் எண்ணிக்கையாகவும் எடுத்துக்கொள்ளும். திகதிக் கணக்கு ஒரு வரியைத் தாண்டினால் ஷெல்லை விட்டுப் பைதனில் செய்வது மேல்.

## ஒரே சரம் ஒரு கணினியில் வாசிக்கிறது, மற்றதில் மறுக்கிறது

கண்ணால் பார்த்தால் '9:30'க்கும் 'ஏஎம்'முக்கும் இடையே ஒரு வெற்றிடம். வெட்டி ஒட்டினாலும் அதேதான். ஆனால் அது சாதாரண வெற்றிடம் அல்ல, யூனிகோட் 202எஃப் என்ற உடையாத ஒடுங்கிய வெற்றிடம். லொகேல் தரவுத் தொகுப்பான சிஎல்டிஆரின் 42ஆம் பதிப்பு ஆங்கில நேர வடிவத்தில் அதைக் கொண்டுவந்தது. அதனுடன் வந்த ஜேடிகே 20 (ஜாவா), நோட் 20 (ஜாவாஸ்கிரிப்ட்) இரண்டிலும் சோதனைகள் உடைந்தன. சரத்தின் பைட்டுகளை ஹெக்ஸில் பார்த்தால் இ2 80 ஏஎஃப் தெரியும். லொகேல் உருவாக்கிய சரத்தைத் திரும்ப வாசிக்க முயல்வதுதான் மூலத் தவறு. கண்ணுக்குக் காட்டுவதற்கு லொகேல், நிரலுக்கு நிரல் பேசுவதற்கு ஐஎஸ்ஓ.

செப்டம்பரில் மட்டும் விழுகிறதா? பிரித்தானிய ஆங்கிலத்தில் அந்த மாதத்தின் சுருக்கம் ஜேடிகே 16 முதல் மூன்று எழுத்தல்ல, நான்கு. மூன்றெழுத்து மாதம் எழுதும் பழைய கோப்புகளை வாசிக்க 'லொகேல்.இங்கிலிஷ்' என்று வெளிப்படையாகக் கொடுங்கள்.

எப்போதாவது ஒருமுறை மட்டும் விழுந்தால் செக்கனின் பின்னத்தைப் பாருங்கள். பைதனின் 'ஐஎஸ்ஓஃபோர்மட்' மைக்ரோசெக்கன் பூச்சியமானால் அந்தப் பகுதியையே விட்டுவிடும். ஆறு இலக்கம் எதிர்பார்க்கும் மறுபக்கம் அப்போது மறுக்கும். 'டைம்ஸ்பெக்'கை 'மைக்ரோசெகண்ட்ஸ்' என்று நிலையாக வையுங்கள். கோ மொழியின் நனோ வடிவமும் வால் பூச்சியங்களை வெட்டுவதால், சரமாக வரிசைப்படுத்தினால் ஒழுங்கு குலையும். பைதன் 3.11க்கு முன்னர் 'ஃப்ரொம்ஐஎஸ்ஓஃபோர்மட்' முடிவில் வரும் 'இஸெட்' எழுத்தை ஏற்காது.

## டிசம்பர் கடைசியில் அடுத்த ஆண்டு

2025 டிசம்பர் 29 என்பது '2026-12-29' என்று வந்தால், ஜாவாவில் ஆண்டுக்குப் பெரிய ஒய் போட்டிருக்கிறார்கள். அது வார ஆண்டு. சின்ன ஒய்க்கு மாற்றுங்கள். சி முறையில் %பெரிய ஜி போட்டால் இதே கதை, அங்கே வேண்டியது %பெரிய ஒய்.

## 1970க்கு முன் பிறந்தவர்களின் பதிவில் நிரல் நிற்கிறது

விண்டோஸில் பைதனின் 'ஃப்ரொம்டைம்ஸ்டாம்ப்' சய எண்ணைக் கண்டால் பல பதிப்புகளில் 'எர்னோ 22' என்று விழும். அதே வரி லினக்ஸில் ஓடும். 1970 ஜனவரி 1 யூடிசியை எடுத்து அதில் 'டைம்டெல்டா'வாகச் செக்கன்களைக் கூட்டினால் எங்கும் ஓடும்.

தேசிய அடையாள அட்டை எண்ணிலிருந்து பிறந்த திகதி எடுப்போருக்கு இன்னும் இரண்டு பொறிகள். பழைய ஒன்பது இலக்க எண்ணில் முதல் இரண்டு ஆண்டு. அதை %சின்ன ஒய் மூலம் வாசித்தால் 69 முதல் 99 வரை 1900கள், 00 முதல் 68 வரை 2000கள். ஆக, 58இல் பிறந்த முதியவர் 2058இல் பிறப்பார். ஜாவாவின் பழைய 'சிம்பிள்டேட்ஃபோர்மட்'டுக்கு எல்லை வேறு, டொட்நெட்டுக்கு வேறு. '19' என்று நீங்களே முன்னால் ஒட்டிவிடுங்கள். அடுத்த மூன்று இலக்கம் ஆண்டின் எத்தனையாவது நாள், பெண்களுக்கு 500 கூட்டியது. இந்த எண்ணிக்கை எல்லா ஆண்டிலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துக் கணக்கிட்டது. %ஜே மூலம் வாசித்தால் நெட்டாண்டு அல்லாதவற்றில் மார்ச் 1க்குரிய 61 என்பது மார்ச் 2 ஆகிவிடும். நெட்டாண்டு ஒன்றை, உதாரணமாக 2000ஐ, வைத்து மாதமும் நாளும் எடுத்து, பிறகு உண்மையான ஆண்டைப் பொருத்துங்கள். 2016 முதல் வந்த பன்னிரண்டு இலக்க எண்ணில் ஆண்டு நான்கு இலக்கம், அதன் நாள் எண்ணிக்கையும் இதே முறைதான்.

எக்செல் கோப்பில் எல்லாத் திகதியும் நான்கு ஆண்டும் ஒரு நாளும், அதாவது 1462 நாள், நகர்ந்திருந்தால் அது பழைய மெக் எக்செல்லின் 1904 முறை. கோப்பின் அமைப்பில் அந்தத் தெரிவை மாற்றலாம், ஆனால் உள்ளே இருக்கும் எண்களையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

## மாதப் பெயர் தமிழில் வரவில்லை, அல்லது நம்முடைய தமிழில் வரவில்லை

'ஆதரிக்கப்படாத லொகேல்' என்று லினக்ஸ் சொன்னால் 'லொகேல் -ஏ' கொடுத்துப் பாருங்கள். சிறிய படிமங்களில் தமிழ் லொகேல் உருவாக்கப்பட்டிருக்காது. விண்டோஸில் சதுரங்களும் கேள்விக்குறிகளும் வந்தால், தமிழுக்குப் பழைய ஒற்றை பைட்டுக் குறிமுறைப் பக்கம் கிடையாது என்பதே காரணம். யூடிஎஃப்-8 இல்லாமல் அங்கே வழியில்லை.

வந்த பிறகும் ஒரு குறை. சிஎல்டிஆர் தமிழ் தருவது பிப்ரவரி, ஆகஸ்ட், அக்டோபர். இங்கே பாடநூலிலும் பத்திரிகையிலும் பெப்ரவரி, ஓகஸ்ட், ஒக்டோபர். இலங்கை வாசகருக்கான பற்றுச்சீட்டு, கடிதம், சான்றிதழ் என்றால் பன்னிரண்டு பெயரையும் உங்கள் நிரலுக்குள்ளேயே ஒரு வரிசையாக எழுதி வையுங்கள். ஓஎஸ் எதுவானாலும் பதிப்பு எதுவானாலும் எழுத்து மாறாது. நேரத்துக்கும் 24 மணித்தியால முறையை நீங்களே வகுத்துவிடுங்கள். நேர வடிவம் தமிழ்-இந்தியா, தமிழ்-இலங்கை லொகேல்களில் ஒன்றுபோல் இல்லை.

## திருத்திய பிறகு ஓட்ட வேண்டிய திகதிகள்

இவற்றைச் சோதனைக் கோப்பில் நிரந்தரமாக வைத்திருங்கள்: 1958-03-01, 1996-05-25 00:00, 2001-06-10, 2006-04-15 00:15, 2024-02-29, 2025-12-29, மைக்ரோசெக்கன் பூச்சியமான ஒரு நேரம், கொழும்பில் அதிகாலை 2 மணியாக உள்ள ஒரு நேரம். நாளும் மாதமும் பன்னிரண்டுக்குள் இருக்கும் ஒன்று, 13க்கு மேல் நாள் உள்ள ஒன்று.

லினக்ஸிலும் மெக்கிலும் 'டிஸெட்' மாறியை யூடிசி, 'ஏசியா/கொலம்போ', 'ஏசியா/கொல்கத்தா', 'அமெரிக்கா/லொஸ்_ஏஞ்சலிஸ்' என்று மாற்றி மாற்றி ஓட்டுங்கள். விண்டோஸில் மாறியைத் தொடாமல் 'டிஸெட்யூட்டில் /எஸ்' கொண்டு கணினியின் வலயத்தையே மாற்றி ஓட்டுங்கள், முடிந்ததும் பழைய வலயத்துக்குத் திருப்பிவிடுங்கள். நான்கு வலயத்திலும் மூன்று ஓஎஸ்ஸிலும் வெளியீட்டுக் கோப்புகளை 'டிஃப்' கொண்டு ஒப்பிட்டால் ஒரு பைட்டும் வேறுபடக் கூடாது. வரிமுடிவுகள் மட்டும் வேறுபட்டால் அது விண்டோஸின் சிஆர்எல்எஃப், திகதியின் குற்றமல்ல.